சிபிலிசுக்கு ஒரே ஊசி போதுமா?

உடலுறவால் தொற்றும் சிபிலிசுக்குப் போடும் ஊசி மருந்து பென்சாத்தீன் பென்சிலின். அது தண்ணீர் மாதிரி இருக்காது. கஞ்சி போல வெள்ளையாக, கெட்டியாக இருக்கும். அதனால்தான் பருத்த ஊசி. நிதானமாக, நிறுத்தாமல் ஏற்ற வேண்டும். நடுவில் நின்றால் துகள் அடைத்துக்கொள்ளும். மொத்தம் 24 லட்சம் யூனிட். பெரும்பாலும் இரண்டு புட்டத்திலும் பாதி பாதியாகப் போடுவார்கள். வலிக்கும். தசையில்தான் போட வேண்டும், இரத்தக் குழாய்க்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

ஏன் இந்தக் கஞ்சி? மேகப்புண் என்று பழைய ஆட்கள் சொல்லும் சிபிலிசின் கிருமி படு சோம்பேறி. குடலில் வாழும் ஈ.கோலி 20 நிமிடத்தில் இரண்டாகும். இதற்கு 30 மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். பென்சிலினோ, கிருமி தன் சுவரைக் கட்டும்போதுதான் அதைக் கொல்லும். சாதாரண பென்சிலின் சில மணி நேரத்தில் சிறுநீரோடு போய்விடும். இந்த மருந்து தசையில் தங்கி, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. வீட்டில் மிச்சமிருக்கும் அமோக்சிசிலின் மாத்திரையை இரண்டு நாள் விழுங்குவது இதற்கு ஈடாகாது.

தொற்றி ஓர் ஆண்டுக்குள் என்றால் பெரும்பாலும் ஒரு தடவை போதும். அதற்கு மேலானாலோ, எப்போது தொற்றியது என்றே தெரியாவிட்டாலோ வாரம் ஒன்றாக 3 தடவை போட வேண்டும். பலர் சிகிச்சையை ஆறப்போடுவதற்குக் காரணம் நோயேதான்: சுமார் 3 வாரத்தில் வரும் முதல் புண் வலிக்காது, தானே ஆறிவிடும். பிறகு உள்ளங்கையிலும் பாதத்திலும் அரிக்காத தடிப்பு வரும், அதுவும் போய்விடும். கிருமி மட்டும் போகாது.

ஊசி போட்ட அன்றே காய்ச்சலும் நடுக்கமும் வரலாம். அது ஒவ்வாமை அல்ல, செத்த கிருமிகள் கிளப்பும் கலவரம். பெரும்பாலும் 24 மணி நேரத்தில் அடங்கும். பென்சிலின் ஒவ்வாதவர்களுக்கு ஆரம்பக் கட்டத்தில் டாக்சிசைக்ளின் மாத்திரை 100 மில்லிகிராம், தினம் இரு வேளை, 14 நாள். கர்ப்பிணிகளுக்கு அது ஆகாது.

குணமானதை ஆர்பிஆர் இரத்தப் பரிசோதனை காட்டும்: 1:32 (32 மடங்கு நீர்த்தாலும் பாசிட்டிவ்) இருந்தது 6 முதல் 12 மாதத்துக்குள் 1:8 அல்லது அதற்கும் கீழே இறங்க வேண்டும். இந்தக் கிருமிக்கு எதிரான எதிர்ப்பொருளைத் தேடும் டிபிபிஏ பரிசோதனையோ பெரும்பாலும் ஆயுளுக்கும் பாசிட்டிவ்தான். வேலை அனுமதிக்கான மருத்துவப் பரிசோதனையில் அது தலைகாட்டினால் பதற வேண்டாம். சிகிச்சைத் தேதியும் ஆர்பிஆர் எண்ணும் எழுதிய கடிதத்தைப் பத்திரமாக வைத்திருங்கள்.

சிங்கப்பூரில் பாலியல் தொற்றுகளுக்கென்றே டிஎஸ்சி கிளினிக் இருக்கிறது. துணையையும் கூட்டிப்போங்கள். கடந்த 90 நாளில் உறவு வைத்தவருக்குப் பரிசோதனை நெகட்டிவ் என்றாலும் ஊசி போடுவதுதான் வழக்கம். ஒருமுறை வந்ததால் எதிர்ப்பாற்றல் வந்துவிடாது, அவரிடமிருந்தே மறுபடியும் தொற்றும்.