10 நானோமீட்டருக்குள் முடிய வேண்டிய பயணம்

வழக்கமான சூரிய மின்கலத்தில் இருக்கும் சிலிக்கானில் ஒளி விழுந்ததும் எலெக்ட்ரான் விடுபட்டுத் தன் போக்கில் ஓடத் தொடங்கிவிடும். நீண்ட சங்கிலி மூலக்கூறுகளாலான பாலிமரைக் கொண்டு சூரிய மின்கலம் செய்தால் அது அவ்வளவு எளிதல்ல. கிளர்ந்தெழுந்த எலெக்ட்ரானும், அது விட்டுச்சென்ற நேர்மின் துளையும் ஒன்றையொன்று இறுகப் பற்றியபடி இணையாகவே திரியும். இந்த இணைக்கு எக்ஸைட்டான் என்று பெயர்.

பிடி இறுகுவதற்குக் காரணம் பொருளின் இயல்பு. மின்னூட்டங்களின் ஈர்ப்பை ஒரு பொருள் எவ்வளவு தணிக்கும் என்பதைக் காட்டும் மின்கடவா மாறிலி சிலிக்கானுக்கு ஏறத்தாழ 12. அதனால் மின்னூட்டங்களுக்கு இடையிலான ஈர்ப்பு அதற்குள் வெகுவாகத் தணிந்துவிடுகிறது. பாலிமர்களில் இந்த மதிப்பு 3 அல்லது 4தான். அங்கே எக்ஸைட்டானைப் பிரிக்க 0.3 முதல் 0.5 எலெக்ட்ரான் வோல்ட் வரை தேவை. அறை வெப்பத்திலிருந்து கிடைப்பதோ 0.025. பிரிக்க ஆளில்லாமல் சுமார் 10 நானோமீட்டர் அலைந்தபின், எலெக்ட்ரான் மீண்டும் துளைக்குள் விழுந்துவிடும். சூரிய ஒளியிலிருந்து பெற்ற ஆற்றல் ஒளியாகவோ வெப்பமாகவோ போய்விடும்.

துருக்கியின் கோன்யாவில் பிறந்து, வியன்னாவில் முனைவர் பட்டம் பெற்ற செர்தார் சாரிச்சிஃப்ட்சியின் ஆய்வு வாழ்க்கை பெரும்பாலும் இந்தச் சிக்கலைச் சுற்றியே அமைந்தது. 1990களின் தொடக்கத்தில் அவர் கலிஃபோர்னியாவின் சான்டா பார்பராவில், மின்கடத்தும் பாலிமர்களின் முன்னோடியான ஆலன் ஹீகரின் குழுவில் இருந்தார். 60 கார்பன் அணுக்கள் பந்துபோலக் கூடிய ஃபுல்லரீன் அப்போதுதான் ஆய்வுக்கூடங்களுக்குப் போதிய அளவில் கிடைக்கத் தொடங்கியிருந்தது. எலெக்ட்ரானை விரும்பி ஏற்கும் மூலக்கூறு அது. குழுவினர் அதை ஒரு பாலிமருடன் சேர்த்து ஒளியூட்டினர். தனியாக இருக்கையில் நன்றாக மிளிரும் அந்தப் பாலிமரின் மிளிர்வு அடங்கிப்போனது. எக்ஸைட்டான் தன் ஆற்றலை ஒளியாக உமிழ்வதற்கு முன்பே எலெக்ட்ரான் ஃபுல்லரீனுக்குத் தாவிவிட்டது. மின்னூட்டங்கள் உண்மையிலேயே பிரிந்திருப்பதை எலெக்ட்ரான் தற்சுழற்சி ஒத்ததிர்வு அளவீடுகளும் உறுதிசெய்தன. 1992இல் 'சயின்ஸ்' இதழில் இது வெளியானது. இந்தத் தாவல் ஒரு நொடியின் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் முடிந்துவிடுகிறது. பாலிமர் சூரிய மின்கலம் என்ற துறையே இந்த வேகத்தின் மீதுதான் நிற்கிறது என்று நான் கருதுகிறேன்.

ஆனால் தாவ வேண்டுமென்றால் அருகில் ஃபுல்லரீன் இருக்க வேண்டும். எலெக்ட்ரானைத் தரும் கொடை அடுக்கு ஒன்று, அதை வாங்கும் ஏற்பி அடுக்கு ஒன்று என இரண்டை அடுக்கி 1986இலேயே கோடாக் நிறுவனத்தின் சிங் டாங் சுமார் 1 சதவீதத் திறன் காட்டியிருந்தார்; அதாவது விழும் ஒளி ஆற்றலில் அவ்வளவு பங்கு மின்சாரமானது. அந்த அமைப்பில் எல்லைக்கோட்டை ஒட்டிய 10 நானோமீட்டர் மட்டுமே பயன்படும். ஒளியை நன்றாக உறிஞ்சவோ 100 நானோமீட்டராவது தடிமன் வேண்டும். 1995இல் ஹீகரின் குழுவும், கேம்பிரிட்ஜில் ரிச்சர்ட் ஃபிரெண்டின் குழுவும் தனித்தனியே ஒரே விடைக்கு வந்தன: இரண்டு பொருட்களையும் கரைத்துக் கலந்து ஒரே படலமாகப் பூசுவது. உலரும்போது, மண்ணுக்குள் வேர் ஊடுருவுவதுபோல ஒன்றுக்குள் மற்றொன்று பரவி நிற்கும். எக்ஸைட்டான் எங்கே பிறந்தாலும் எல்லை அருகிலேயே இருக்கும். பிரிந்த எலெக்ட்ரானும் துளையும் மின்முனைகளை அடையத் தொடர்ச்சியான பாதைகளும் கிடைக்கும்.

ஆனால் கலவை மிக நுண்ணியதாகிவிட்டால் பாதைகள் அறுபடும். திட்டுத்திட்டாகத் திரண்டால் எக்ஸைட்டான் எல்லையை எட்டாமலே மடியும். 1996இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகருக்குப் பேராசிரியராகச் சென்ற சாரிச்சிஃப்ட்சியின் குழு கையாண்டது இந்த இரண்டுக்கும் இடையிலான சமநிலையைத்தான். 2001இல் அவர்கள் அதே பாலிமரையும் அதே ஃபுல்லரீன் வகையையும் வைத்துக்கொண்டு கரைப்பானை மட்டும் மாற்றினர். டொலுயீனுக்குப் பதில் குளோரோபென்சீன். ஃபுல்லரீன் பெரிதாகத் திரளாமல் சீராகப் பரவியது, திறன் ஏறக்குறைய மூன்று மடங்காகி 2.5 சதவீதத்தைத் தொட்டது. புதிய மூலக்கூறு எதுவும் இல்லாமல் கிடைத்த முன்னேற்றம் இது. அதனாலேயே எனக்கு இந்த ஆய்வின் மீது தனி மதிப்பு. 2003இல், செய்து முடித்த கலத்தை மின்னழுத்தத்தின் கீழ் சூடாக்கி 3.5 சதவீதம் எட்டினர்.

சிலிக்கானோடு ஒப்பிட்டால் இவை சின்ன எண்கள். ஆனால் 2012இல் லின்ஸ், டோக்கியோ ஆய்வாளர்கள் சேர்ந்து செய்த கலத்தின் மொத்தத் தடிமன் 2 மைக்ரோமீட்டருக்கும் குறைவு. கசக்கினாலும் வேலை செய்தது. ஒரு கிராமுக்கு 10 வாட் தந்தது. எடை முக்கியமாகும் இடங்களில் பாலிமருக்கு உரிய இடம் எது என்பதை இந்த அளவீடு காட்டுகிறது.

பின்னர் ஃபுல்லரீனே பின்னுக்குப் போனது. 2019இல் சீனாவின் சோ யிங்பிங் குழு அறிமுகப்படுத்திய ஒய்-6 என்ற ஏற்பி மூலக்கூறு 15.7 சதவீதத் திறன் தந்தது. அது ஃபுல்லரீன் கோட்டைவிட்ட அண்மை அகச்சிவப்பு ஒளியையும் உறிஞ்சுகிறது. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த மூலக்கூறுகளால் ஆய்வுக்கூடக் கலங்கள் இப்போது 20 சதவீதத்தை ஒட்டி நிற்கின்றன.

எஞ்சியிருக்கும் பெரிய கேள்வி ஆயுள். உலர்ந்த படலத்திலும் மூலக்கூறுகள் முற்றிலும் அசையாமல் இருப்பதில்லை. வெயிலின் சூட்டில் மெல்ல நகர்ந்து இனத்தோடு இனம் சேர்ந்து திரள்கின்றன. கவனமாக அமைத்த 10 நானோமீட்டர் இடைவெளிகள் அகன்றுவிடுகின்றன. ஆக்சிஜனும் ஈரமும் உள்ளே நுழைந்தால் ஒளியின் துணையோடு பாலிமர்ச் சங்கிலியையே சிதைக்கின்றன. காற்றுப் புகாத உறை இந்தச் சிதைவைத் தடுக்கும். மூலக்கூறுகள் திரள்வதைத் தடுக்க, சூட்டிலும் இடம்பெயராத மூலக்கூறுகளையே வடிவமைக்க வேண்டியிருக்கிறது.