ஜி-மேன்: அரசின் ஆளா, புலனாய்வாளரா?

1930களின் அமெரிக்க கேங்ஸ்டர் படங்களில் அடிக்கடி காதில் விழும் சொல் ‘ஜி-மேன்’, பன்மையில் ‘ஜி-மென்’. குற்றவாளிகளைத் துரத்தும் மத்திய அரசு அதிகாரியைக் குறிக்கும். ஜி என்பது அரசாங்கத்துக்கான ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. நாம் பெயருக்குப் பின்னால் மரியாதையாக ஒட்டும் ‘ஜி’ அல்ல.

சொல்லுக்கு ஒரு பிறப்புக் கதை உண்டு. எண்ணெய் வணிகர் ஒருவரைக் கடத்தி 2,00,000 டாலர் கறந்த ‘மெஷின் கன்’ கெல்லி, 1933 செப்டம்பர் 26 அன்று மெம்ஃபிஸ் நகரில் பிடிபட்டார். அப்போது “சுடாதீர்கள், ஜி-மென்!” என்று அலறினாராம். வரலாற்றாசிரியர்கள் பலர் இதை நம்புவதில்லை. வசனம் அளவுக்கு மீறிக் கச்சிதமாக இருப்பதால் எனக்கும் ஐயம்தான். சொல் அதற்கு முன்பே வழக்கில் இருந்தது. அயர்லாந்தில் டப்ளின் காவல்துறையின் துப்பறியும் பிரிவுக்கு ஜி என்று பெயர். அதன் ஆட்களையும் ஜி-மென் என்றே அழைத்தார்கள். ஆனால் அங்கே ஜி, ஏ முதல் எஃப் வரையிலான பிரிவுகளுக்கு அடுத்து வந்த எழுத்து, அவ்வளவே.

சொல்லை ஊரறியச் செய்தது திரைப்படம். 1931இல் ‘த பப்ளிக் எனிமி’ படத்தில் ரவுடியாக வந்து பெயர் வாங்கிய ஜேம்ஸ் கேக்னி, 1935இல் ‘ஜி மென்’ படத்தில் அதிகாரியாக வந்தார். இடையில், 1934இல், ஹாலிவுட்டின் தணிக்கை விதிகள் இறுகியிருந்தன. குற்றவாளியைக் கதாநாயகனாகக் கொண்டாட வழியில்லை. அதே முறைப்பு, அதே துப்பாக்கி. நிற்கும் பக்கம் மட்டும் மாறியது. ஜி-மென் பணியாற்றிய புலனாய்வுத் துறைக்கு எஃப்பிஐ என்ற பெயர் வந்ததும் 1935இல்தான்.

தமிழில் என்ன சொல்வது? ‘ஒற்றர்’ பொருந்தாது. வள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கிய ஒற்றன் தன்னை மறைத்துக்கொள்பவன். இவரோ அடையாள வில்லையை நீட்டிக்கொண்டு நுழைபவர். ‘துப்பறிவாளர்’ என்றால் தனியார் ஆளும் அதில் அடங்கிவிடுவார். கட்டுரைக்குக் ‘கூட்டரசுப் புலனாய்வாளர்’ சரியான சொல். ஃபெடரல் என்பதைக் குறிக்கும் கூட்டரசு, மலேசியத் தமிழில் அன்றாடம் புழங்குவது. இலங்கையில் சமஷ்டி என்பார்கள்.

ஆனால் ஜி-மேன் தெருவில் புழங்கிய சொல். கெல்லியின் வாயில் “சுடாதீர்கள், கூட்டரசுப் புலனாய்வாளர்களே!” என்று வைத்துப் பாருங்கள். சொல்லி முடிப்பதற்குள் குண்டு பாய்ந்திருக்கும். திரை வசனத்துக்கு என் தேர்வு ‘சர்க்கார் ஆள்’. பயமும் ஏளனமும் அதில் சேர்ந்தே ஒலிக்கின்றன. சர்க்கார் பாரசீகச் சொல்லாயிற்றே என்று தயங்குபவர்கள் ‘அரசாங்க ஆள்’ எனலாம். ‘அரசாள்’ என்று மட்டும் சுருக்கிவிட வேண்டாம். பிடிக்க வந்தவர் பட்டம் கட்டிக்கொண்டு ராஜாவாகிவிடுவார்.