பினாமி: சொல்லும் பொருளும்

ஒருவர் பணம் போட்டு, வேறொருவர் பெயரில் பத்திரம் முடித்து, பலனை மட்டும் தாமே அனுபவிக்கும் ஏற்பாட்டுக்குப் பினாமி என்று பெயர். வடசென்னைப் பேச்சில் ஆளுக்கும் சொத்துக்கும் இந்த ஒரே சொல்தான். "டிரைவர்தான்பா அவருக்கு பினாமி" என்பார்கள். "மணலி யார்டு பினாமி" என்றும் சொல்வார்கள். சட்டம் பிரித்துப் பேசும். பெயர் கொடுத்தவர் பினாமிதாரர், பலனை அனுபவிப்பவர் உண்மை உரிமையாளர்.

பாரசீகத்தில் 'பே' என்றால் 'இல்லாத', 'நாம்' என்றால் பெயர். வக்கீல், ஜாமீன், ஜப்தி வந்த அதே கச்சேரி (அந்தக் காலக் கோர்ட்டு, அரசு அலுவலகம்) வழியில் இதுவும் தமிழுக்குள் நுழைந்தது. ராயபுரம் சண்டையில் சரளமாக விழும் 'பேமானி'யிலும் இருப்பது அதே 'பே'தான். அரபு 'ஈமான்' நம்பிக்கையையும் நேர்மையையும் குறிக்கும். அது இல்லாதவன் பேமானி. கோர்ட்டுச் சொல்லும் குழாயடிச் சொல்லும் பங்காளிகள் என்பது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

ஆரம்பத்தில் பினாமி குற்றமல்ல. பிறர் பெயரில் சொத்து வாங்கி வைப்பது நாட்டு வழக்கம் என்று, அப்போது இந்திய வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் 1854இல் ஏற்றுக்கொண்டது. 1988இல்தான் தடைச் சட்டம் வந்தது, 3 ஆண்டு வரை சிறை என்று. ஆனால் சொத்தைக் கையகப்படுத்தும் நடைமுறை விதிகள் வராததால் அது ஏட்டோடு நின்றது. திருத்தம் 2016 நவம்பர் 1 முதல் நடப்புக்கு வந்தது: 1 முதல் 7 ஆண்டு வரை கடுங்காவல், சந்தை மதிப்பில் 25% வரை அபராதம், சொத்தும் அரசுக்கு. கணக்கில் காட்டிய வருமானத்தில் மனைவி, பிள்ளைகள் பெயரில் வாங்கினால் பினாமி ஆகாது. ஊரில் பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள்.

அப்படியிருந்தும் அரசியல்வாதி ஏன் குடும்பத்தை விட்டு டிரைவரைத் தேடுகிறார்? விடை வேட்புமனுவோடு கொடுக்கும் படிவம் 26இல் இருக்கிறது. வேட்பாளர், வாழ்க்கைத் துணை, அவர்களைச் சார்ந்திருப்போர் ஆகியோரின் சொத்தை அதில் சர்வே எண், பரப்பு, வாங்கிய தேதி, வாங்கிய விலை, இன்றைய மதிப்பு என்று காட்ட வேண்டும். வருமானம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டிரைவர், சமையல்காரர், கூடவே சுற்றும் அல்லக்கை ஆகியோருக்கு அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது. எல்லா அல்லக்கையும் பினாமி இல்லை; ஆனால் பினாமி பெரும்பாலும் அந்த வட்டத்துக்குள்ளேதான் கிடைப்பார்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்துவிட்டு "அவர் பேர் இல்லையே" என்பவர்களும் உண்டு. வில்லங்கத்தில் வருவது பத்திரத்தில் எழுதிய பெயர் மட்டுமே. பணம் யாருடையது என்று அது சொல்லாது. 1973 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஆறு அடையாளங்களைச் சொன்னது. கிரயப் பணம் எங்கிருந்து வந்தது, சொத்து யார் அனுபவத்தில் இருக்கிறது, வேறு பெயரில் வாங்க என்ன காரணம், இருவருக்கும் என்ன உறவு, மூலப்பத்திரம் யார் பீரோவில் இருக்கிறது, வாங்கிய பிறகு சொத்தை யார் நிர்வகிக்கிறார்கள். முதலாவதுக்கே எடை அதிகம். மாதம் 18,000 ரூபாய் சம்பளம் வாங்கும் டிரைவர் பெயரில் மாதவரத்தில் 2 கோடிக்குக் குடோன் பதிவானதாக வைத்துக்கொள்ளுங்கள். முத்திரைத்தாள் 7%, பதிவுக் கட்டணம் 2% என்று 18 லட்சம் செலவு அங்கேயே வந்துவிடுகிறது. அதைக் கட்டியது எந்த வங்கிக் கணக்கு என்ற கேள்வியிலேயே கதை கந்தலாகும். அடுத்து வாடகை. ஒப்பந்தத்தில் டிரைவர் கையெழுத்து, வாடகை போய்ச் சேருவதோ அண்ணன் வீட்டுக்கு, அதாவது பணம் போட்ட அரசியல்வாதி வீட்டுக்கு.

பினாமியைத் தமிழில் 'பெயரிலி' என்று எழுதுகிறார்கள். நேர் மொழிபெயர்ப்புதான், ஆனால் தமிழில் அது பெயர் சொல்லாமல் எழுதுபவரைக் குறிக்கப் பழகிவிட்டது. இங்கே பெயர் பட்டாவிலேயே அச்சாகி இருக்கிறது. 'போலி உரிமையாளர்' என்றால் போலிப் பத்திரம் நினைவுக்கு வரும், பினாமிப் பத்திரமோ முறைப்படி பதிவான அசல். ஆளுக்குப் 'பெயர்தாங்கி', சொத்துக்கு 'மறைபெயர்ச் சொத்து' என்பதே என் தேர்வு. மனுவில் எழுதும்போது மட்டும் சட்டத்தில் உள்ள 'பினாமி'யையே எழுதுங்கள்.

பெயர்தாங்கி மனம் மாறிவிட்டால் அண்ணன் பாடு திண்டாட்டம். சொத்து என்னுடையது என்று வழக்குப் போட பினாமி தடைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு விடாது; தன் பெயருக்குத் திருப்பி எழுதி வாங்கினால் 6ஆம் பிரிவின்படி அது செல்லாது. பயந்துபோய் முன்கூட்டியே பவர் எழுதி வாங்கி வைப்பார்கள். எழுதிக் கொடுத்தவர் இறந்தால் பொதுவாகப் பவரும் காலாவதி, வாரிசுச் சான்றிதழோடு அவர் குடும்பம் வந்து நிற்கும். உயில் வாங்கி வைத்தாலும் எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை ரத்து செய்யலாம். இந்த மனக்கசப்பில்தான் தகவல் வெளியே கசிகிறது. வருமான வரித் துறையின் 2018ஆம் ஆண்டுத் திட்டப்படி தகவல் தருபவருக்கு 1 கோடி ரூபாய் வரை வெகுமதி உண்டு, அடையாளம் ரகசியமாக இருக்கும். "அவன் நிறைய சேர்த்துட்டான்" என்ற மொட்டைக் கடிதம் எடுபடாது. ஆவண எண், சர்வே எண், வாடகை போகும் கணக்கு என்று குறிப்பாகக் கொடுக்க வேண்டும்.