சிம்னி ஆடுவது சூறைக்காற்றில் அல்ல

ஆனி பிறந்துவிட்டால் பாலக்காட்டுக் கணவாய் வழியே மேல்காற்று இறங்கும். பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்றுதான் சாயப்பட்டறைகளின் இரும்புச் சிம்னிகளையும் ஆட்டுகிறது. "பெருங்காற்று வந்தால் பார்த்துக்கலாம்" என்பார்கள். கம்பி கட்டாமல் தனியாக நிற்கும் சிம்னிக்கு ஆபத்து அம்மி பறக்கும் காற்றில் இல்லை. கொடியில் போட்ட துணி ஒரே சீராகப் படபடக்கும் மிதமான காற்றில்தான்.

உருளையைத் தாண்டும் காற்று, அதன் முதுகுப் பக்கம் இடமும் வலமும் மாறி மாறிச் சுழல்களைக் கழற்றிவிடும். ஒவ்வொரு சுழலும் கழலும்போது சிம்னியைப் பக்கவாட்டில் இழுக்கும். காற்று மேற்கிலிருந்து வந்தாலும் சிம்னி வடக்கு தெற்காக ஆடுவது இதனால்தான். சுழல் கழலும் தாளமும் சிம்னியின் சொந்த ஆட்டத் தாளமும் ஒன்றிவிட்டால் ஆட்டம் பெருகிக்கொண்டே போகும்.

அந்தக் காற்று வேகத்தை நீங்களே கணக்கிடலாம். நொடிக்கு எத்தனை ஆட்டம் என்பதை வெளி விட்டத்தால் பெருக்கி 0.2ஆல் வகுத்தால் போதும். 30 மீட்டர் உயரம், 1 மீட்டர் விட்டமுள்ள சிம்னி 20 ஆட்டத்துக்குச் சுமார் 18 நொடி எடுக்கும், நொடிக்கு 1.1 ஆட்டம். கணக்கில் வருவது நொடிக்கு 5.5 மீட்டர், அதாவது மணிக்கு 20 கிலோமீட்டர். ஆடி மாதத்தில் இது தினசரிக் காற்று. இந்தத் தாளத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 4,000 ஆட்டம். தினம் 10 மணி நேரம் வீதம் 25 நாள் ஆடினால் 10 லட்சம். அடித்தகட்டு வெல்டிங்கில் விரிசல் விடுவது இந்த எண்ணிக்கையால்தான். அடி போல்ட்டின் நட்டுக்கும் தகட்டுக்கும் குறுக்கே பெயின்டால் ஒரு கோடு இழுத்து வையுங்கள். கோடு விலகினால் நட்டு நகர்ந்திருக்கிறது. வெல்டிங் ஓரத்தில் நூல் போலத் துருக்கோடு கண்டால் பாய்லரை நிறுத்திவிட்டுத்தான் மற்ற பேச்சு.

தீர்வு, சிம்னியைச் சுற்றி மேலேறும் சுருள் பட்டை. சுழல்கள் உயரம் நெடுக ஒரே நேரத்தில் கழலாதபடி அது கலைத்துவிடும். மூன்று பட்டைகள், சிம்னியிலிருந்து வெளியே நீட்டும் உயரம் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு, ஒரு முழுச் சுற்றுக்கு விட்டத்தைப் போல் ஐந்து மடங்கு ஏற்றம், மேல் மூன்றில் ஒரு பகுதியில். நம் ஊர் ஃபேப்ரிகேஷன் பட்டறைகளில் இதில்தான் கோட்டை விடுகிறார்கள்: 100 மி.மீ. வேண்டிய இடத்தில் 50 மி.மீ. பட்டை, சுருளுக்குப் பதில் நேர்ப்பட்டை, ஏணி எட்டும் கீழ்ப்பகுதியில் பொருத்துவது. அலங்காரத்துக்குத்தான் ஆகும். சரியாகப் பொருத்தினாலும் காற்றின் நேர்த்தள்ளல் கூடும். அடி போல்ட்டையும் அஸ்திவாரத்தையும் மறுபடி கணக்கிடாமல் பட்டை போடக்கூடாது.

இழுகம்பி கட்டலாமே என்பார்கள். தொய்ந்த கம்பியால் பயனில்லை. இறுக்கமான கம்பி தாளத்தைக் கூட்டும்; ஆபத்தான வேகம் மேலே தள்ளிப்போகும், அவ்வளவுதான். ஷெட்டின் கூரைச் சட்டத்தில் (டிரஸ்) கட்டினால் ஷெட்டும் சேர்ந்து ஆடும்.

அதே காற்று சிம்னியைக் குளிர்விக்கவும் செய்கிறது. உள்ளே புகை 150 டிகிரி, வெளியே 30 டிகிரி என்றால், அந்த நொடிக்கு 5.5 மீட்டர் காற்றில் மூடாத தகட்டின் வெப்பம் 90 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். கந்தகமுள்ள நிலக்கரி, ஃபர்னஸ் ஆயில் புகையில் அமிலம் படிவது, பெரும்பாலும் தகடு ஆறி 110 முதல் 150 டிகிரிக்குள் இறங்கும்போதே தொடங்கிவிடும். புகையின் வெப்பமானி 150 காட்டுகிறதே என்று நிம்மதியாக இருக்கையில் தகடு உள்ளே கரைந்துகொண்டிருக்கும். விறகில் கந்தகம் குறைவு. ஆனால் ஈர விறகு போட்டால் தார் படியும்.

வெப்பம் வெளியேறாமல் தடுக்கும் ராக்வூல் (பாறை நார்ப் பஞ்சு) 50 மி.மீ. சுற்றி அலுமினியத் தகடு போர்த்தினால் அதே தகடு 140 டிகிரிக்கு மேல் நிற்கும். ஆனால் விட்டம் 1.1 மீட்டராகிறது, எடையும் மாறுகிறது. ஆபத்தான வேகத்தைத் திரும்பக் கணக்கிட்டு, பட்டையின் உயரத்தை 110 மி.மீ. ஆக்க வேண்டும். பட்டையை அலுமினியப் போர்வையில் திருகினால் முதல் ஆடியிலேயே கிழித்துக்கொண்டு வரும். தகட்டில் நேரே வெல்டிங் செய்தால், பைக் எஞ்சினின் துடுப்புப் போல அது வெப்பத்தை வெளியே இழுத்து, உள்ளே சுருள் வடிவத்திலேயே துரு விழவைக்கும். தகட்டில் இடைவெளி விட்டுச் பட்டையைத் தாங்கச் சின்ன இரும்புத் துண்டுகள் (கிளீட்டுகள்) வைத்து, வெப்பம் கடத்தாத பேக்கிங் கொடுத்து, அதில் போல்ட் போடுவதே முறை.

சித்திரையிலேயே மீயொலி அளவியால் தகட்டுத் தடிமனைப் பாருங்கள், முக்கியமாக உச்சி 3 மீட்டரை. புகை ஆறிப்போய் வெளியேறும் இடம் அது. முதலில் அரிப்பதும் அங்கேதான். தகடு மெலிந்தால் எடை குறையும். எடை குறைந்த சிம்னி அதே காற்றில் இன்னும் அகலமாக ஆடும்.