ரீமினரலைசேஷன்: கனிம மீளேற்றம்

பற்சொத்தையின் தொடக்க நிலையில், பல்லின் கடினமான மேலுறையான பற்சிப்பி இழந்த கால்சியமும் பாஸ்பேட்டும் அதன் படிகங்களில் மறுபடி சேர்வதைப் பல் மருத்துவத்தில் ‘ரீமினரலைசேஷன்’ என்பர். சுரங்கத்தையும் தாதையும் குறித்த ‘மினெரா’ என்னும் இடைக்கால இலத்தீன் சொல்லின் வழிவந்தது ‘மினரல்’. ‘ரீ’ என்ற முன்னொட்டுக்கு ‘மீண்டும்’ என்பது பொருள். நம்முடைய ‘கனிமம்’ என்ற சொல்லுக்கும் வேர் சுரங்கமே. அதிலுள்ள ‘கனி’ பழத்தைக் குறிப்பதன்று; சுரங்கம் என்னும் பொருளுடைய வடசொல்லின் தமிழ் வடிவம்.

பற்சிப்பியின் எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு கனிமமே. இனிப்பு உண்டதும் பல்லில் படிந்துள்ள பாக்டீரியாக்கள் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. அங்கே, அமிலம் கூடக் கூடக் குறையும் பிஎச் அளவு சுமார் 5.5க்குக் கீழே இறங்கும்போது கனிமம் கரைந்து வெளியேறுகிறது. பிறகு எச்சில் அந்த அமிலத்தைத் தணித்து, தன்னிடமுள்ள கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் பல்லுக்குத் தருகிறது. ஃபுளூரைடு இருந்தால் இந்தச் சேர்க்கை விரைவுபடுவதோடு, புதிதாக அமையும் படிகம் அமிலத்தை முன்னிலும் நன்றாகத் தாங்குகிறது. நாள்தோறும் நடக்கும் இந்தக் கொடுக்கல் வாங்கலில் இழப்பு மிஞ்சிக்கொண்டே போனால்தான் சொத்தை விழுகிறது.

அதன் முதல் அடையாளம் கறுப்பன்று, வெண்மை. மருத்துவர் பல்லைக் காற்றூதி உலர்த்தியதும், அதுவரை கண்ணுக்குப் படாத ஓரிடம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துத் தெரியும். கனிமம் போன நுண்துளைகளில் நீருக்குப் பதிலாகக் காற்று புகுந்து, ஒளியைச் சிதறடிப்பதே காரணம். மேற்பரப்பு குழிவிழாத இந்த நிலையில்தான் இழந்ததை மீட்க முடியும். குழி விழுந்த பிறகு பற்பசையோ எச்சிலோ அதை நிரப்புவதில்லை. பல் அடைக்க வேண்டியதுதான்.

தமிழில் இதைச் சிலர் ‘பற்சிப்பி மறுவளர்ச்சி’ என்று எழுதுவது பெரும்பிழை. பற்சிப்பியை உருவாக்கும் உயிரணுக்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடுவதால், அது மறுபடி வளர்வதே இல்லை. திரும்புவது கனிமம் மட்டுமே. விளம்பரம் பார்த்துக் குழி தானே மூடிக்கொள்ளும் என்று காத்திருப்பவரை அந்தச் சொல் மேலும் ஏமாற்றும். ‘மறுகனிமமாக்கம்’ என்பதோ, வேறொரு பொருளைக் கனிமமாக மாற்றுவதுபோல் ஒலிக்கிறது. இருக்கும் படிகத்தில் இழந்தது ஏறுவதால் ‘கனிம மீளேற்றம்’ என்பதே பொருத்தமானது. ‘மின்னேற்றம்’ என்ற சொல்லுக்குப் பழகிய காதுக்கு இது அந்நியமாகவும் படாது. இதன் எதிர்ச்சொல்லான ‘டீமினரலைசேஷன்’, தண்ணீரைச் சுத்திகரிப்பதில் ‘கனிம நீக்கம்’ எனப்படுகிறது. பல்லிலிருந்து யாரும் வேண்டுமென்றே கனிமத்தை நீக்குவதில்லையாதலால், அங்கே ‘கனிம இழப்பு’ என்றே எழுதலாம்.