‘எழுதித்தானே வைத்திருந்தேன், டாக்டரையா’

சென்ற வாரமும் ஒரு குழந்தை. உசிலம்பட்டிப் பக்கம் மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கும் குடும்பம். மொட்டுப்புழுவுக்கு அடித்தது போக மீந்ததை ஆரஞ்சு நிறக் குளிர்பான பாட்டிலில் ஊற்றித் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். ஐந்து வயதுப் பையன், விளையாடிவிட்டு வந்த தாகத்தில் எடுத்துக் குடித்துவிட்டான். தூக்கி வந்தபோது வாயிலிருந்து எச்சில் வழிந்துகொண்டிருந்தது. சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. கண்ணின் பாவை குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டான். வார்டு வாசலில் தாத்தா ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்: “எழுதித்தானே வைத்திருந்தேன், டாக்டரையா.”

எழுதித்தான் வைத்திருந்தார். பாட்டிலை நானே பார்த்தேன். கறுப்பு மார்க்கர் பேனாவில் பெரிதாக ‘விஷம்’ என்று இருந்தது. பையன் இப்போதுதான் ‘க’ வரிசைக்கு வந்திருக்கிறான். ‘ஷ’ என்றோர் எழுத்து இருப்பதே அவனுக்குத் தெரியாது.

எழுதியிருந்தோமே, சொல்லியிருந்தோமே, மண்டையோட்டுப் படம் இருந்ததே! இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு மனம் வெறுத்துவிட்டது. எழுதியவருக்குப் புரிவது எல்லோருக்கும் புரியும் என்று எப்படி நம்புகிறோம்?

சார்லஸ் சாண்டர்ஸ் பர்ஸ் (1839–1914) என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞர் வாழ்நாளில் பெரும்பகுதியை இந்தக் கேள்வியைச் சுற்றியே செலவிட்டார். (தமிழில் ‘பியர்ஸ்’ என்றும் எழுதுகிறார்கள், பெயரின் ஒலிப்பு ‘பர்ஸ்’.) குறி, அது சுட்டும் பொருள், பார்ப்பவர் மனத்தில் அது எழுப்பும் விளக்கம் ஆகிய மூன்றும் சேர வேண்டும் என்றார். மூன்றாவது பிறக்காத இடத்தில் தாத்தாவின் எழுத்து வெறும் மைதான்.

குறிகளை அவர் மூன்று வகையாகவும் பிரித்தார். ஓவியம்போல, பொருளை ஒத்திருப்பதால் குறியாவது ஒன்று. நெருப்புக்குப் புகைபோல, பொருளோடு உள்ள நேரடித் தொடர்பால் குறியாவது இன்னொன்று. சுருங்கிய பாவையை நான் வாசித்தது இந்த வழியில்தான்; நாங்கள் நோய்க்குறி என்பதில் பெரும்பகுதி இதுவே. வழக்கத்தால் மட்டும் பொருள் பெறுவது மூன்றாவது: எழுத்து, சொல், சிவப்பு, பச்சை. பழகாதவரிடம் அது வாய் திறக்காது. மண்டையோடுகூடக் குழந்தைக்குக் கார்ட்டூன் கடற்கொள்ளையன் கொடிதான்.

குறி கடைசியில் ஒரு பழக்கமாகப் படிகிறது என்றும் பர்ஸ் சொன்னார். பெட்டிக்கடையில் வாங்கித் தரும்போதெல்லாம் அந்த ஆரஞ்சு பாட்டில் பையனுக்குக் கற்றுத் தந்தது இதைத்தான்: மூடியைத் திருகு, குடி, இனிக்கும். அவன் குறியைத் தவறாக வாசிக்கவில்லை. நாம்தான் பாட்டிலைப் பொய் சொல்ல வைத்தோம்.

பெரியவர்களும் தப்பவில்லை. பூச்சிக்கொல்லி லேபிளில் உள்ள சாய்சதுரத்தின் கீழ்ப்பாதி சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நஞ்சின் கடுமைக்கேற்ப மாறும். 1971ஆம் ஆண்டு விதிகளில் வந்த ஏற்பாடு. பச்சை என்றால் மற்ற மூன்றையும்விடக் கடுமை குறைவு, அவ்வளவே. அதை இயற்கை மருந்து என்று நினைத்து வெறுங்கையால் கலக்குகிறவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன்.

எல்லாவற்றையும்விட என்னை அச்சுறுத்துவது ‘மருந்து’ என்ற சொல். தோட்டத்தில் மருந்து அடிக்கிறோம், காய்ச்சலுக்கும் மருந்து கொடுக்கிறோம். “மருந்து குடித்தால் சரியாகிவிடும்” என்று சொல்லி வளர்த்த குழந்தையின் முன்னால் பூச்சிக்கொல்லியையும் அதே பெயரில் அழைக்காதீர்கள். விஷம் என்றே சொல்லுங்கள். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கும் காது கேட்கும்.

மீந்ததை வேறு பாட்டிலுக்கு மாற்றவே கூடாது, ஒரு நாளைக்குக்கூட. வாங்கிய பாட்டிலிலேயே வைத்துப் பூட்டுங்கள். பரணில் ஏற்றி வைப்பது பூட்டி வைத்ததாகாது. காலி பாட்டிலை ஓட்டை போட்டு நசுக்குங்கள், கழுவி எண்ணெய் ஊற்றி வைக்காதீர்கள்.

யாராவது குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர் என்று கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். நனைந்த துணியைக் கழற்றி, உடம்பைக் கழுவி, 108ஐ அழையுங்கள். வரும்போது அந்தப் பாட்டிலையும் எடுத்து வாருங்கள். எதைக் குடித்தான் என்று கேட்டால் “பச்சை மூடி மருந்து” என்கிறீர்கள். அதை வைத்து நான் என்ன செய்வது? லேபிள் பாதி கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, வேதிப்பொருளின் பெயர் இருக்கும் அந்த ஒரு வரி எனக்கு வேண்டும்.