காமிக்ஸ் என்றால் சிரிப்பா, சித்திரமா?

வியன்னாவின் கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் டின்டொரெட்டோ வரைந்த 'வெண்தாடி மனிதன்' என்னும் ஓவியத்துக்கு எதிரே ஒரு பெஞ்சு. ரேகர் என்ற முதிய இசை விமர்சகர் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒன்றுவிட்டு ஒரு நாள் அங்கே வந்து உட்கார்கிறார்; ஓவியர்களையும் இசைமேதைகளையும் ஆஸ்திரிய அரசையும் வாய் ஓயாமல் திட்டுகிறார். ஆஸ்திரிய எழுத்தாளர் தாமஸ் பெர்ன்ஹார்ட் 1985இல் எழுதிய 'ஆல்டே மைஸ்டர்' (பழைய மேதைகள்) நாவலில் நடப்பது ஏறக்குறைய இவ்வளவுதான். ஆனால் அட்டையில் தலைப்புக்குக் கீழே 'நாவல்' என்று போடாமல் 'நகைச்சுவை நாடகம்' என்று போட்டார் பெர்ன்ஹார்ட். 2011இல் காமிக்ஸ் கலைஞர் நிக்கோலஸ் மாலர் இதைப் படங்களாக வரைந்தபோது அந்த வசவின் சிரிப்பு வெளியே வந்தது. 1969இல் வியன்னாவில் பிறந்த மாலரின் மனிதர்களுக்குக் கண் கிடையாது; நீண்ட மூக்கும் இரண்டு மூன்று கோடுகளும் போதும். ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் ராபர்ட் மூசிலின் நாவலும், ஜாய்ஸின் 'யுலிசிஸ்'ஸும், பிரெஞ்சு நாவலாசிரியர் புரூஸ்டும்கூட அந்தக் கோடுகளுக்குள் வந்திருக்கிறார்கள்.

மாலரின் ஓவியங்களைக் கண்காட்சியில் பார்க்கும் ஜெர்மன் வாசகருக்கு 'இலக்கியக் காமிக்ஸ்' என்ற தொடர் பழகியது. தமிழில் அப்படிச் சொன்னால், இலக்கியத்துக்கும் காமிக்ஸுக்கும் என்ன உறவு என்று புருவம் உயர்த்துவோர் உண்டு. குழப்பத்தின் வேர் சொல்லிலேயே இருக்கிறது.

கிரேக்கத்தில் 'கோமோஸ்' என்பது ஆட்டமும் பாட்டுமாகச் செல்லும் களியாட்ட ஊர்வலம். அதிலிருந்து 'கோமோய்டியா' என்னும் நகைச்சுவை நாடகம். லத்தீன் வழியாக ஆங்கிலத்தின் 'காமிக்', அதாவது சிரிப்பூட்டுவது. ஆக, சொல்லின் பிறப்பில் சித்திரத்துக்குப் பங்கே இல்லை. 1890இல் லண்டனில் 'காமிக் கட்ஸ்' என்ற மலிவு விலை வார இதழ் வந்தது. அதைப் போன்ற சிரிப்பிதழ்கள் பெருகவே, அவற்றைச் சுருக்கமாகக் 'காமிக்ஸ்' என்றார்கள். அமெரிக்க நாளிதழ்களின் ஞாயிற்றுக்கிழமை இணைப்புகளிலும் இதே பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு துப்பறிவாளர்களும் சாகச வீரர்களும் அதே கட்டங்களுக்குள் குடியேறினார்கள். சூப்பர்மேன் 1938இல் 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' இதழில்தான் அறிமுகமானார். சிரிப்பு போய்விட்டது, பெயர் மட்டும் நின்றது.

தமிழுக்குச் சொல் வந்து சேர்ந்தது இந்தச் சிரிப்பில்லாத வடிவத்தில். சிவகாசியிலிருந்து 1972இல் வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் நாயகர் இரும்புக்கை மாயாவி. சிரிக்க வைப்பது அவர் வேலையல்ல. 'காமிக்ஸ்' என்றதும் தமிழ் வாசகர் மனத்தில் சாகசம் எழுவதற்கு இது முக்கியக் காரணம். 'லக்கி லூக்' போன்ற சிரிப்புக் கதைகள் பின்னர் வந்தபோது அவற்றை 'கார்ட்டூன் கதை' என்று தனியாக அழைக்க வேண்டியதாயிற்று. சிரிப்பு என்று பொருள்பட்ட சொல்லுக்குள் சிரிப்பைச் சேர்க்க இன்னொரு சொல்!

பிற மொழியினர் வேறு வழிகளில் போனார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கு இது 'வரையப்பட்ட பட்டை'. இத்தாலியர்களுக்கு 'புகைத்துளி', பேச்சுக் குமிழியின் தோற்றத்தை வைத்து. ஸ்பெயினில் 1917இல் தொடங்கிய 'டிபிஓ' இதழின் பெயரே 'தெபேயோ' என்று பொதுச்சொல்லானது. இவற்றில் எதிலும் சிரிப்புக் கட்டாயம் இல்லை. எனக்குப் பிடித்தது இவை எல்லாவற்றுக்கும் மூத்த ஒரு பெயர். ஜெனீவாவின் பள்ளி ஆசிரியர் ரோடால்ஃப் டோப்ஃபர் 1820களிலேயே கட்டம் கட்டி, படத்துக்குக் கீழே வரி எழுதிக் கேலிக்கதைகள் வரைந்தார். முதுமையில் இருந்த ஜெர்மன் கவிஞர் கெத்தே அவற்றைப் பார்த்து ரசித்துப் பாராட்டினார். டோப்ஃபர் இந்தக் கலையை 'அச்சுச் சித்திர இலக்கியம்' என்றார். நகைச்சுவையும் இலக்கியமும் ஒரே பாயில் உட்கார்ந்துதான் இந்த வடிவம் பிறந்திருக்கிறது. மாலர் புதிதாக எதையும் கலக்கவில்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'படக்கதை' எளிமையானது, ஆனால் புகைப்படக் கதைக்கும் குழந்தைகளின் படப்புத்தகத்துக்கும் அதுவே பெயர். 'வரைகதை' சுருக்கமானது, இன்னும் பரவவில்லை. 'கேலிச்சித்திரம்' ஒருவரின் உருவத்தையோ செயலையோ மிகைப்படுத்தும் தனிப்படம். நாளிதழில் அரசியல் பேசும் ஒற்றைக் கட்டத்துக்குக் 'கருத்துப்படம்' பொருந்தும். மாலரின் புத்தகத்தைக் கேலிச்சித்திரத் தொகுப்பு என்பது தவறு. அதில் கட்டம் கட்டமாகக் காலம் நகர்கிறது.

என் தேர்வு 'சித்திரக்கதை'. பத்திரிகைகள் வழியாக ஏற்கெனவே வேரூன்றிய சொல். சிரிப்பையும் சாகசத்தையும் முன்கூட்டியே விதிப்பதில்லை. வேண்டியபோது நகைச்சுவைச் சித்திரக்கதை, இலக்கியச் சித்திரக்கதை என்று அடைமொழி சேர்த்துக்கொள்ளலாம். கதையே இல்லாத கட்டுரை வடிவப் படைப்புகளுக்கு அது கொஞ்சம் இறுக்கமான சட்டைதான், ஒப்புக்கொள்ள வேண்டும். 'காமிக்ஸ்' பேச்சிலும் பதிப்பகப் பெயர்களிலும் இருக்கட்டும். அதைத் துரத்த வேண்டியதில்லை. ஆங்கிலப் பன்மையை நாம் 'ஒரு காமிக்ஸ்' என்று ஒருமையாக்கிவிட்டதும் தமிழ் வழக்கே.

வரைபவரை எப்படி அழைப்பது என்பதுதான் இன்னும் சிக்கல். 'கார்ட்டூனிஸ்ட்' என்றால் நாம் கருத்துப்படம் வரைபவரை நினைக்கிறோம். 'ஓவியர்' என்றால் கதையை யாரோ எழுதித் தந்தது போலாகிறது. மாலருக்கே இந்தச் சிக்கல் அலுவலகத்தில் வந்தது. காமிக்ஸ் வரைவது கலையா இல்லையா என்று வரி அலுவலகத்தில் அதிகாரி கோல்ட்கிரூபர் அம்மையாரிடம் வாதாடுவதை அவர் 2003இல் ஒரு புத்தகமாகவே வரைந்தார். எழுத்தாளர் கூட்டங்கள் நடத்தும் ஜெர்மன் மொழி இலக்கிய இல்லங்கள் 2015இல் தங்கள் விருதை அவருக்குத் தந்தன. அது எழுத்தாளர்களுக்கான விருது. 'சித்திரக்கதைஞர்' என்று எழுதிப் பார்க்கிறேன். நாக்கு முதலில் தடுக்கினாலும், வரைவதும் சொல்வதும் ஒருவரே என்பது அதில் தெளிவாகிறது.